பட்டனுக்கும் திரைக்கும் நடுவே: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வீட்டுப் பிசியில் கேமை ஓடவிட்டு, வேறோர் இடத்தில் லேப்டாப்பிலோ டிவியிலோ இணையம் வழியாக விளையாடும்போது வருகிற தாமதம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டுப் பிசியில் கேமின் படத்தை அனுப்பும் சன்ஷைன், லேப்டாப்பில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் என்ற மென்பொருள்கள். இரண்டு பக்கமும் ஸ்பீடு டெஸ்ட் 200 எம்பிபிஎஸ் காட்டுகிறது, படமும் பளிச்சென்று வருகிறது. ஆனால் குதிக்க அழுத்தினால் ஒரு கணம் கழித்துத்தான் குதிக்கிறான். இவ்வளவு ஸ்பீடு இருந்தும் ஏன் சார் இப்படி?

பதில்: ஸ்பீடு டெஸ்ட் காட்டுகிற அந்தப் பெரிய எண், ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா போகும் என்பதற்கான கணக்கு. ஒரு சின்ன சிக்னல் போய்ச் சேர எத்தனை மில்லி செகண்ட் பிடிக்கும் என்பதை அது சொல்வதில்லை. உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

நீங்கள் அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோலரிலிருந்து லேப்டாப்புக்கு, அங்கிருந்து இணையம் வழியாக வீட்டுப் பிசிக்கு, அங்கே கேம் அதைப் படித்து அடுத்த ஃப்ரேமை, அதாவது அடுத்த தனிப் படத்தை வரைய, அந்த ஃப்ரேமை சன்ஷைன் பிடித்து என்கோடரிடம் கொடுக்க, அது சுருக்கித் திரும்ப இணையத்தில் அனுப்ப, லேப்டாப் அதை விரிக்க, கடைசியாகத் திரை காட்டும். ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமின் நேரம் 16.7 மில்லி செகண்ட். அழுத்தியதிலிருந்து படம் மாறுவதற்குப் பல கேம்கள் மூன்று நான்கு ஃப்ரேம் எடுத்துக்கொள்ளும். ஆக, பிசிக்கு எதிரிலேயே உட்கார்ந்து விளையாடினாலும் 50 மில்லி செகண்ட் அளவுக்கு ஏற்கெனவே தாமதம் இருக்கிறது, ஸ்ட்ரீமிங் கூட்டுவதெல்லாம் அதற்கு மேல்தான்.

தூரத்தால் வருவதை யாராலும் குறைக்க முடியாது. ஃபைபர் கேபிளுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிசிக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லி செகண்ட் ஆகும், கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவே ரவுட்டர்கள் வேறு இருக்கின்றன, அதனால் நிஜத்தில் கூடத்தான் வரும். ஆனால் ஒன்று, பிங் என்பது போகிற நேரமும் வருகிற நேரமும் சேர்ந்தது. நீங்கள் அழுத்தியது போக ஒரு பங்கு, படம் வர ஒரு பங்கு, இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. பிங் 30 என்றால் நெட்வொர்க் கூட்டுவது 30தான், பலர் பயப்படுவது போல 60 இல்லை.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன்னால் எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். மூன்லைட் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு எஸ் அழுத்தினால் திரையின் மூலையில் ஒரு விவரப் பட்டியல் வரும். நெட்வொர்க் தாமதம், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது, வீட்டுப் பிசி எடுத்துக்கொண்ட நேரம், டிகோடு செய்ய (சுருக்கிய படத்தை லேப்டாப் விரிக்க) ஆன நேரம், வழியில் தொலைந்த ஃப்ரேம்கள் எல்லாம் அதில் இருக்கும். நெட்வொர்க் 25, பிசி 6, டிகோடு 40 என்று வந்தால் புது ரவுட்டர் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை, லேப்டாப்பைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்த எண்கள் இல்லாததால் கோளாறு எங்கே என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி: சாதாரணமாக நன்றாகத்தான் போகிறது. ஆனால் வீட்டில் யாராவது போனில் வீடியோ அனுப்பினாலோ, போட்டோ பேக்கப் ஓடினாலோ, அடுத்த நிமிஷமே கேம் சேற்றில் நடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பிளானை அப்கிரேடு செய்தால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. தயவுசெய்து அதற்குப் பணம் செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நிறைய பேர் ஸ்ட்ரீமிங்கே உதவாது என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கு நடப்பதற்குப் பெயர் பஃபர்புளோட். உங்கள் ரவுட்டரும் மோடமும், உடனே அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை, அதாவது டேட்டாவின் சின்னத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசைக்கு நிறைய இடம் ஒதுக்கியிருப்பார்கள், ஒரு பாக்கெட்டையும் தொலைக்காமல் இருப்பதுதான் நல்லது என்ற எண்ணத்தில். போட்டோ பேக்கப் ஓடும்போது அது அப்லோடு முழுவதையும் நிரப்பி வரிசையையும் நிரப்பிவிடுகிறது, உங்கள் கேமின் ஃப்ரேம் அதற்குப் பின்னால் போய் நிற்கிறது. சும்மா இருக்கும்போது 15 காட்டுகிற பிங், அந்த நேரத்தில் 200, 300 என்று ஏறுவது சகஜம். பேக்கப்புக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, விளையாடுகிறவருக்குத்தான் எல்லாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு பக்கம் பிங் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் ஒரு பெரிய ஃபைலை அப்லோடு போடுங்கள். பிங் பத்து இருபது மில்லி செகண்டுக்குள் ஏறினால் கவலை இல்லை. நூறைத் தாண்டினால் இதுதான் உங்கள் வியாதி. முக்கியமாக, பிசி இருக்கிற வீட்டில் சோதியுங்கள், ஏனென்றால் படம் வெளியே வருவது அந்த வீட்டின் அப்லோடு வழியாக. நீங்கள் இருக்கிற இடத்தின் டவுன்லோடையும் பார்க்கலாம், ஆனால் பொதுவாக அப்லோடு பக்கம்தான் குறுகலாக இருக்கும்.

இதற்கு மருந்து வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கிற முறை அது. அதிலிருந்து எஃப்கியூ கோடெல், அப்புறம் கேக் என்று வளர்ந்தது. இவை ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி வரிசையில் வைத்து மாற்றி மாற்றி அனுப்பும், ஆகவே பேக்கப்பின் பெரிய மூட்டைக்குப் பின்னால் உங்கள் ஃப்ரேம் நிற்க வேண்டியதில்லை. ரவுட்டர் செட்டிங்கில் இந்த வசதியை எஸ்கியூஎம் (SQM) என்ற பெயரில் தேடுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இது கிடைக்கும். அதை இயக்கி, நீங்கள் அளந்த உண்மையான அப்லோடு வேகத்தில் 85 அல்லது 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள், டவுன்லோடுக்கும் அப்படியே. பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுக்கச் சிலருக்கு மனம் வராது, ஆனால் அந்த விட்டுக்கொடுத்தலால்தான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கிறது. பெட்டியில் "கேமிங்" என்று எழுதியிருப்பதை நம்பி ரவுட்டர் வாங்காதீர்கள், இந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ரவுட்டரை மாற்ற வழியில்லை என்றால், விளையாடும் நேரத்தில் வீட்டிலிருக்கும் போன்களின் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் பாதிக்கும் மேல் சரியாகிவிடும்.

கேள்வி: பிட்ரேட், அதாவது ஸ்ட்ரீம் நொடிக்கு அனுப்பும் டேட்டா, எவ்வளவு வைக்க வேண்டும்? வீட்டில் அப்லோடு 25 எம்பிபிஎஸ். 20 வைத்திருக்கிறேன், ஐந்து மிச்சம் இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. ஒரு சின்ன கணக்குப் போடுவோம். 20 எம்பிபிஎஸ், 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சராசரியாக 333 கிலோபிட். அதை 25 எம்பிபிஎஸ் லைனில் வெளியே தள்ளவே 13 மில்லி செகண்ட் ஆகிறது. பிட்ரேட்டை 10 ஆக்கினால் அதே லைனில் 7-க்கும் கீழே. இதுவும் சராசரிதான், திரையில் வெடிப்பு, புகை, காட்சி மாறுதல் என்று வரும்போது ஒரு ஃப்ரேமின் அளவு இதைவிட நன்றாகப் பெருகும், அப்போது மிச்சமிருக்கும் அந்த ஐந்தும் காணாமல் போய் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். தொலைந்த பாக்கெட்டுகளை மீட்பதற்காகச் சன்ஷைன் கூடுதல் டேட்டாவையும் சேர்த்து அனுப்புகிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

12-லிருந்து ஆரம்பித்து, படம் கண்ணை உறுத்தாத அளவில் நிறுத்துங்கள். 1080-ல் கலங்கலாகத் தெரிந்தால் 720-க்கு இறங்குங்கள். ரெசல்யூஷனைக் குறைக்கலாம், ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். 30 ஃப்ரேமுக்குப் போனால் ஒரு ஃப்ரேமின் நேரமே 33 மில்லி செகண்ட் ஆகிவிடும், கைக்கு அது உடனே தெரியும்.

கேள்வி: சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஒரு திணறல் வந்து போகிறது, மற்றபடி அருமையாக இருக்கிறது. வைஃபைதான், சிக்னல் முழுசாக இருக்கிறது.

பதில்: ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிற திணறல் என்றால், லேப்டாப் அருகிலுள்ள வைஃபைகளைத் தேடப் போய் வருகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்த நேரத்தில் அது வேறு சேனலுக்குப் போய்விடும், உங்கள் பாக்கெட்டுகள் காத்திருக்கும். லொகேஷன் சேவையை அணைத்துப் பாருங்கள். மேக் என்றால் ஏர்டிராப்பும் ஹேண்ட்ஆஃபும் இதே வேலையைச் செய்யும், அவற்றையும் அணையுங்கள்.

சிக்னல் கோடு முழுசாக இருப்பது காற்று காலியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், இரண்டு பக்கமும் வசதி இருந்தால் 6. இதையெல்லாம் விட நல்லது கேபிள். விளையாடுகிற பக்கம் கேபிள் போட முடியாமல் இருக்கலாம், ஆனால் வீட்டுப் பிசி ஒரே இடத்தில் கிடக்கிற பெட்டிதானே, அதையும் வைஃபையில் வைத்திருப்பது எனக்குப் புரியவே இல்லை. கேபிள் இழுத்துவிடுங்கள். வீட்டு மின்கம்பி வழியாக இணையத்தைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் சிலர் சொல்வார்கள். மின்சாரக் கம்பியின் இரைச்சலைப் பொறுத்து அது நன்றாகவும் இருக்கும், மோசமாகவும் இருக்கும்.

சீராக 30 இருக்கிற இணைப்பு, 12-க்கும் 60-க்கும் நடுவே தாவுகிற இணைப்பைவிட எவ்வளவோ மேல். சீரான தாமதத்துக்குக் கை தானாகப் பழகிவிடும், தாவுகிறதற்குப் பழகவே பழகாது.

கேள்வி: பிசியில் நல்ல கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் அல்ட்ராவில் வைத்திருக்கிறேன், வீ-சிங்க் (ஃப்ரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) ஆன். பிசிக்கு எதிரில் உட்கார்ந்தால் வெண்ணெயாக ஓடுகிறது. ஸ்ட்ரீமில் மட்டும் பிசி எடுக்கும் நேரம் 20 மில்லி செகண்டுக்கு மேல் காட்டுகிறது.

பதில்: எண்ணோடு எழுதியதற்கு நன்றி, விடை அதிலேயே இருக்கிறது. என்கோடர் கார்டுக்குள் தனிப் பகுதிதான். ஆனால் திரையைப் பிடிப்பதும் நிறத்தை மாற்றிக் கொடுப்பதும் அதே கார்டின் பொது உழைப்பில் நடக்கிறது. கேம் கார்டை 99 சதவீதம் எடுத்துக்கொண்டால் அந்த வேலைகள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும். கேமின் தரத்தை ஒரு படி இறக்கி, கார்டுக்குப் பத்துப் பதினைந்து சதவீதமாவது மூச்சுவிட இடம் கொடுங்கள். 20 என்பது ஒற்றை இலக்கத்துக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. எப்படியும் சுருக்கி அனுப்பிய படத்தில் அல்ட்ராவுக்கும் ஹைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேமுக்குள் வீ-சிங்க்கை அணைத்துவிட்டு, ஃப்ரேம் வரம்பை ஸ்ட்ரீமின் எண்ணுக்கே வையுங்கள். வீ-சிங்க் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு இடத்திலும் ஃப்ரேம் காத்திருக்கும். கேமில் என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தால் ஆன் செய்யுங்கள், அது ஃப்ரேம்கள் கார்டுக்கு முன்னால் குவியாமல் பார்த்துக்கொள்ளும். ஃப்ரேம் ஜெனரேஷன் இருந்தால் அணையுங்கள். நடுவில் ஒரு ஃப்ரேமை உருவாக்க அது அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும், எண்ணிக்கை ஏறும், கையின் உணர்வு மந்தமாகும். லேப்டாப் திரை 120 ஹெர்ட்ஸ் என்றால், கார்டும் லைனும் தாங்கினால், 120 ஃப்ரேமில் ஸ்ட்ரீம் செய்து பாருங்கள். ஒரு ஃப்ரேமின் நேரம் 8.3 ஆகிவிடுகிறது, கிடைக்கிற லாபம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

கேள்வி: வீடியோவைச் சுருக்கும் முறைகளில் ஏவி1-தான் (AV1) புதுசு, அதற்கு மாறினால் லேக் குறையுமா?

பதில்: குறைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏவி1 அதே தரத்தைக் குறைந்த பிட்ரேட்டில் தரும், அப்லோடு குறுகலாக இருந்தால் அந்த வகையில் உதவும். ஆனால் பிசியின் கார்டு அதை ஹார்டுவேரில் என்கோடு செய்ய வேண்டும் (என்விடியா 40 தொடர், ஏஎம்டி 7000 தொடர், இன்டெல் ஆர்க் கார்டுகளில் உண்டு), விளையாடுகிற சாதனமும் ஹார்டுவேரில் டிகோடு செய்ய வேண்டும். பிராசசரே விரிக்க வேண்டிய நிலை என்றால் நிச்சயம் மோசமாகும். பழைய சாதனங்களில் எச்.264 என்ற பழைய முறையே வேகமாக இருப்பது உண்டு. மாற்றிப் பார்த்து, டிகோடு நேரத்தை ஒப்பிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

கேள்வி: என் இணைப்பில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வழியாகப் பிசிக்கு விடுவது) வேலை செய்யவில்லை, அதனால் இரண்டு சாதனங்களையும் தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் டெய்ல்ஸ்கேல் போட்டேன். இணைகிறது, ஆனால் பக்கத்து ஊருக்கே பிங் 180 வருகிறது.

பதில்: உங்கள் டேட்டா நேராகப் போகாமல் எங்கோ தூரத்திலுள்ள ரிலே சர்வர் வழியாகச் சுற்றுகிறது. டெய்ல்ஸ்கேல் பிங் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பதிலில் டெர்ப் என்று வந்தால் ரிலே, ஐபி முகவரியும் போர்ட்டும் வந்தால் நேரடி இணைப்பு. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவே ஆரம்பித்தால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கிறது, அதனால்தான் போர்ட் திறக்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) கிடைத்தால் அதை இயக்குங்கள், பெரும்பாலும் அதிலேயே நேரடி இணைப்பு வந்துவிடும். இல்லையென்றால் ஒரு பக்க ரவுட்டரிலாவது யூபிஎன்பி (போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) ஆன் செய்து பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் நிறுவனத்திடம் தனி பொது முகவரி கேட்க வேண்டியதுதான்.

போர்ட் திறக்கிற வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சன்ஷைனின் செட்டிங் பக்கம் 47990 என்ற போர்ட்டில் இருக்கிறது. அதை மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். லேக் குறைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆபத்து மட்டும்தான்.

கேள்வி: லேப்டாப்பில் நன்றாக இருக்கிறது, அதையே டிவியில் போட்டால் எல்லாம் தாமதம். சத்தமும் பின்தங்குகிறது.

பதில்: டிவியில் கேம் மோடு ஆன் செய்யுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்கிற வேலைகளுக்கே சில டிவிகளில் 100 மில்லி செகண்ட் வரை போகும், இணையத்தில் நீங்கள் கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். ஹெச்டிஎம்ஐ ஒவ்வொன்றுக்கும் கேம் மோடு தனியாக இருக்கலாம், சரியான இன்புட்டில் போட்டீர்களா என்று பாருங்கள். சத்தம் புளூடூத் ஹெட்போனில் வருகிறதா? அதுதான் காரணம், நூறு இருநூறு மில்லி செகண்ட் சாதாரணமாகப் பின்தங்கும். வயர் ஹெட்போன் போடுங்கள். கன்ட்ரோலரையும் முடிந்தால் வயரில்.

கேள்வி: இவ்வளவும் செய்தால் ஆன்லைன் ஷூட்டர் கேமில் ரேங்க் ஏற முடியுமா?

பதில்: மௌஸ் வைத்துக் குறிபார்க்கிற போட்டி கேம்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மௌஸில் கைக்கும் கண்ணுக்கும் உள்ள பிணைப்பு மிக நெருக்கம், கூடுதலாக 40 மில்லி செகண்ட் வந்தாலும் குறி நழுவும், எதிரிலிருப்பவருக்கோ அந்தச் சுமை இல்லை. சண்டை கேம்களும் அப்படியே. கதை கேம்கள், ரேஸிங், வியூக கேம்கள், கன்ட்ரோலரில் ஆடுகிற மற்ற எல்லாமே தாராளமாக ஆடலாம்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்ன சிலவற்றைச் செய்தேன். குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் நிஜமாகவே குறைந்ததா, மனசுக்குத் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

பதில்: நல்ல சந்தேகம். விவரப் பட்டியலில் கன்ட்ரோலர், கேமின் உள் தாமதம், திரை மூன்றும் வராது, அதனால் முழுத் தாமதத்தை வெளியிலிருந்துதான் அளக்க வேண்டும். உங்கள் போன் கேமராவில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். பட்டனும் திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி போனை நிறுத்தி, குதிப்பது மாதிரி உடனே கண்ணுக்குத் தெரிகிற ஒரு செயலைப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். விரல் பட்டனை முழுசாக அழுத்திய ஃப்ரேமிலிருந்து திரையில் அசைவு தொடங்குகிற ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேமுக்கு 4.2 மில்லி செகண்ட், 24 ஃப்ரேம் என்றால் 100. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், சராசரி எடுங்கள். இதையே வீட்டுப் பிசிக்கு நேர் எதிரிலும் ஒருமுறை செய்து கழித்துப் பார்த்தால், ஸ்ட்ரீமிங் மட்டும் கூட்டுவது எவ்வளவு என்று வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி மறுபடி அளங்கள், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.